மின்னி யாரு வீட்டுப் பிள்ளை?

இணைப்பு வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய். மின்னி இன்னும் தப்பித்தபாடில்லை.

இணைப்பு என்றால் கல்யாணம்தான். சீர்குடியில் அந்தச் சொல்லுக்குத் தடை. மேளம், தாலி, மாமன் சண்டை, பந்தியில் பாயசம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே தடை. டைரக்டர் சீனிச்சாமி ஒலிபெருக்கியில் இரண்டு பெயரை வாசிப்பார். இரண்டு பேரும் ஆபீசுக்குப் போய் ஒரு வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுவருஷம் பிள்ளை பிறக்கவில்லை என்றால் விளக்கம் கேட்டு ஆள் வரும்.

மின்னி பெயரோடு சேர்த்து வாசிக்கப்பட்ட பெயர் கதிரோன். ஆறடிக்கு மேல் உயரம், பளிங்குப் பல்வரிசை, தேக்குக் கட்டை மாதிரித் தோள். வாயைத் திறந்தால் அவன் உயரத்தைப் பற்றிப் பேசுவான். அது முடிந்ததும் பல்லைப் பற்றிப் பேசுவான். மூன்றாவதாக ஒரு விஷயம் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"நம்ம பிள்ளைக்கு முப்பத்திரண்டு பல்லும் நேரா இருக்கும்" என்றான் அவளிடம், முந்தின நாள் சாப்பாட்டு வரிசையில்.

"மொதல்ல அது பல்லில்லாமத்தான பொறக்கும்? அப்ப என்ன செய்வ?" என்றாள் மின்னி.

கதிரோன் அதைப் பற்றி இரவு முழுக்க யோசித்தானாம்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி உட்கார்ந்திருந்தது சீர்குடி. சீனிச்சாமி ஒருகாலத்தில் நாய் வளர்த்தவர். அவர் வளர்த்த வெள்ளை நாய்கள் போகிற போட்டிக்கெல்லாம் போய்க் கோப்பையோடு திரும்பின. கோப்பை வைக்க வீட்டில் இடமில்லாமல் போன ஒரு நாளில் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. நாயையே இம்புட்டு உயர்த்த முடியும் என்றால் மனுஷனை ஏன் முடியாது? வீடும் அரிசியும் இலவசம் என்று சொன்னார். பஞ்சம் பிழைக்க அலைந்த குடும்பங்கள் வந்து சேர்ந்தன. சேர்ந்த பிறகு வாசல் கதவு உள்ளேயிருந்து திறப்பதை நிறுத்திக்கொண்டது. எப்போதாவது அதிகாரிகள் வந்து, வரிசையாக நிற்கிற உயரமான பிள்ளைகளைப் பார்த்து வியந்து, ஆளுக்கொரு கூடை மாம்பழத்தோடு போய்விடுவார்கள்.

நாய்ப் பண்ணைச் சட்டம்தான் மனிதர்களுக்கும். பிறந்த பிள்ளையைத் தாயிடம் வைக்கமாட்டார்கள். பிள்ளைக்கூடத்தில் மொத்தமாக வளர்ப்பார்கள். ஒரு வருஷத்துக் குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் வைக்கிற மாதிரி, மின்னி பிறந்த வருஷத்துப் பிள்ளைகள் எல்லாம் 'மி'. மின்னி, மிளிர், மிடுக்கன், மிகுதி. மிகுதிதான் பாவம். சாதி, சாமி, சொந்த ஊர் எதுவும் பெயரில் தெரியக்கூடாது. ரத்தம் ஒன்றுதான் கணக்கு. ரத்தத்தின் தரத்துக்கு ஏற்பச் சீட்டு. முதல் சீட்டுக்கு மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு. இரண்டாம் சீட்டுக்கு மஞ்சள். ஏதாவது குறை கண்டுபிடித்துவிட்டால் கயிற்றை அறுத்து, 'கழிவு' என்று முத்திரை குத்தி, வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள்.

"வெளியே போனவர்கள் பட்டினியால் சாகிறார்கள்" என்று வாரம் தவறாமல் ஒலிபெருக்கியில் சொல்வார் டைரக்டர்.

மின்னிக்கு அதில் ஒரு சந்தேகம். பட்டினி என்றால் ஒருத்தராவது திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்க மாட்டார்களா? இத்தனை வருஷத்தில் ஒரு கழிவும் திரும்பி வரவில்லையே. வெளியே அம்புட்டு நல்ல சாப்பாடா?

அன்றிலிருந்து கழிவாக ஆவதே அவள் லட்சியமாயிற்று.

முதலில் மாறுகண்ணை முயற்சி செய்தாள். மாதப் பரிசோதனையில் இரண்டு கண்ணையும் மூக்கை நோக்கித் திருப்பிக்கொண்டு நின்றாள். டைரக்டர் குனிந்து பார்த்தார். "பார்வையைக் குவிக்கும் ஆற்றல்! குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் உதவியாளரிடம். அடுத்த மாதம் நொண்டினாள். "நடையில் ஒரு நிதானம் வந்திருக்கிறது." திக்கித் திக்கிப் பேசினாள். "வீண்பேச்சு குறைந்திருக்கிறது." கடைசியாகச் செவிடாகிப் பார்த்தாள். டைரக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து, குட்டிகளைச் சோதிக்கிற பித்தளைத் தட்டை ஓங்கி அடித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காதைப் பொத்த, மின்னி இமைகூடத் தட்டாமல் நின்றாள். டைரக்டர் கண்ணில் நீர் துளிர்த்துவிட்டது.

"இரும்பு நரம்பு! எத்தனை வருஷ உழைப்பு இது!"

அவள் கயிறு இன்னும் வெளுப்பானதுதான் மிச்சம்.

குறையை அவர் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் வேலை பார்த்ததே நாய்க் கொட்டடியில்தான். அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் டைரக்டர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வெளுக்க வைத்ததில், அவருடைய நாய்கள் அத்தனைக்கும் காது செத்துப் போயிருந்தது. இடி விழுந்தாலும் தெரியாது. அதை அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம்? அவர் கம்பீரமாக விசில் ஊதுவார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று மின்னி வெள்ளைத் துண்டை ஆட்டுவாள். நாய்கள் துண்டைப் பார்த்து உட்காரும், எழும், ஜீப்பில் ஏறும். வந்திருக்கிற விருந்தாளிகள் கைதட்டுவார்கள். டைரக்டர் விசிலைத் துடைத்துப் பைக்குள் வைப்பார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து ஊரே தட்டோடு உட்கார்ந்த நேரத்தில், மின்னி மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொட்டடியைக் கழுவின தண்ணீர் போகிற வாய்க்கால் சுவருக்கு அடியில் ஒரு சந்து வழியாக வெளியே போகும். சீர்குடிக்காரர்கள் யாரும் நுழைய முடியாத சந்து. எல்லாருக்கும் அப்படித் தோள்! மின்னி மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு, தலையைக் கொடுத்து, ஒரு தோளைக் கொடுத்து, உருவிக்கொண்டு வெளியே விழுந்தாள். விழுந்த இடம் நல்ல சகதி. முதல் சீட்டு சகதியோடு எழுந்து நின்றது.

எதிரே தோப்பு. தோப்பைத் தாண்டினால் பருத்திக் காடு. அதற்கப்பால் ரோடு.

பாதித் தோப்பைக்கூடத் தாண்டியிருக்கமாட்டாள். பின்னால் சங்கு ஊதிற்று. ஜீப் உறுமிற்று.

மின்னி ஓடவில்லை. அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம் இருந்தது. இந்த நாய்கள் மோப்பம் பிடித்துத் துரத்துகிற ஜாதியே இல்லை. கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை. எது ஓடுகிறதோ அதைத் துரத்தும். முயல் ஓடினால் முயல், பேப்பர் பறந்தால் பேப்பர். நடக்கிறவளை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே சந்தைக்குப் போகிறவள் மாதிரிக் கையை வீசி நடந்து, பருத்திக் காட்டுக்குள் இறங்கினாள்.

காட்டில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தில் இருந்தவள் நிமிர்ந்தாள். வெற்றிலைச் சிவப்பு வாய், இடுப்பில் பருத்தி நிறைந்த மடி.

"ஏட்டி, யாரு நீ? எருமை மாதிரி சகதியில பொரண்டு வார?"

"வேலைக்கு வந்தேன்."

"மத்தியானத்துக்கு மேலயா? நல்லா வந்த. குனி, குனி! கங்காணி பாத்தாம்னா என்னையத்தான் வைவான்."

மின்னி குனிந்தாள். பருத்தியை எப்படி எடுப்பது என்று பக்கத்தில் பார்த்து எடுத்தாள்.

தோப்போரத்தில் ஜீப் வந்து நின்றது. டைரக்டர் இறங்கினார், நாய்களை அவிழ்த்துவிட்டார், விசிலை ஊதினார். நாய்கள் நாலாப்பக்கமும் பார்த்தன. துண்டு எதுவும் ஆடவில்லை. சாவகாசமாகப் படுத்துக்கொண்டன.

"தேடு! தேடு!" என்று கத்தினார் டைரக்டர். படுத்திருந்ததில் ஒன்று உருண்டு மல்லாந்தது.

"நான் பிடித்துக்கொண்டு வருகிறேன் சார்!" என்று கதிரோன் வரப்பில் குதித்து ஓடினான். ஆறடி உயரம், நீளமான கால், வெட்டவெளி. நாய்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தனையும் துள்ளி எழுந்து அவன் பின்னால் பாய்ந்தன.

"என்னை இல்லடா! அவளை! அவளை!"

காது இருந்தால் அல்லவா கேட்கும்? அவன் பருத்திக் காட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓடினான். காக்கிக் கால்சட்டையின் பின்பக்கம் ஒரு நாயிடம் போயிற்று. பருத்தி எடுத்த பெண்கள் நிமிர்ந்து நின்று, மடி குலுங்கச் சிரித்தார்கள்.

"ஆத்தாடி, எம்புட்டு ஒசரம்! நாயிகளுக்கு எட்டுத ஒசரம்தான்!"

சிரித்தார்களே தவிர, வட்டம் அவர்கள் பக்கமாகத் திரும்பிற்று. இன்னும் கொஞ்சம் போனால் கதிரோன் மின்னி மேலேயே வந்து விழுவான். மின்னி பருத்திச் செடிக்குப் பின்னால் முட்டி போட்டு, பக்கத்துப் பெண்ணின் தலைத்துண்டை உருவி, தலைக்கு மேல் இரண்டு தரம் சுழற்றி, ஜீப் இருந்த திசையில் வீசிக் காட்டினாள். 'ஏறு' என்கிற ஜாடை.

நாய்கள் அப்படியே திரும்பின. அம்பு மாதிரிப் போய், ஒன்றன் மேல் ஒன்றாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தன. டைரக்டர் தற்செயலாக அந்த நேரத்தில் விசிலை ஊதிக்கொண்டிருந்தார்.

"பார்த்தாயா?" என்றார், மூச்சிரைக்க வந்து நின்ற கதிரோனிடம். அவர் முகம் முழுக்கப் பெருமை. "ஒரே விசில்! நாய்கள் திரும்பிவிட்டன என்றால் என்ன அர்த்தம்? அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை என்று அர்த்தம். மலைக்குத்தான் போயிருக்கிறாள். வண்டியைத் திருப்பு!"

கதிரோன் காட்டுப் பக்கம் கையை நீட்டினான். எதையோ பார்த்துவிட்டான். ஆனால் விசிலை மறுத்துப் பேசுகிற வழக்கம் சீர்குடியில் இல்லை. பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

ஜீப் மறைந்ததும் வெற்றிலை வாய்க்காரி மின்னியின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏட்டி, அந்த மதிலுக்குள்ள இருந்தா வார?"

மின்னி தலையாட்டினாள்.

"செத்த மூஞ்சியக் காட்டு. இந்த மூக்கு... ஆத்தீ! இது எங்க மம்சாபுரத்து மூக்குல்லா! எங்க பெரியப்பா மக ஒருத்தி பஞ்சத்துல புருசனோட அந்த மதிலுக்குள்ள போனவதான், பொறவு ஆளக் காணல. நீ அவ மகதான?"

மின்னிக்கு அம்மா யார் என்றே தெரியாது. ஆனால் எதிரே இருந்த முகத்தில் அத்தனை ஆசை.

"இருக்கலாம் சித்தி" என்றாள்.

பெத்தம்மாள், அதுதான் அவள் பெயர், பருத்தியையும் மறந்து மின்னியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பருத்தி மூட்டைகளோடு டிராக்டரில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாள் மின்னி. மம்சாபுரத்தில் வைத்தால் மதில்காரன் தேடி வருவான் என்று பெத்தம்மாளே யோசித்து, தனக்குத் தெரிந்த பால்கோவாக் கடையில் கொண்டுவந்து விட்டாள்.

கடைக்காரர் கொண்டல்சாமி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பெரிய சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அவர் மின்னியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரு?"

"மின்னி."

"அது என்ன பேரு? சரி, எந்த ஊரு? அப்பா பேரு என்ன? நீங்க என்ன ஆளுக?"

கடைசிக் கேள்வி மின்னிக்கு விளங்கவே இல்லை. "முதல் சீட்டு" என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் கடை வாசலில் ஒரு நாய்க்குட்டி வந்து நின்று வாலாட்டியது. கொட்டடிப் பழக்கத்தில், "ரா ரா, இக்கட ரா" என்றாள். சீனிச்சாமியிடம் முதல் முதலில் வேலை பார்த்த நாய்க்காரர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்கள் போய் எத்தனையோ வருஷமாகியும் கொட்டடியில் நாயோடு பேசுகிற பாஷை அதுதான்; நாய்க்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.

கொண்டல்சாமியின் முகம் மலர்ந்தது. "ஓ! மன பில்லவா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? நம்ம ஆளுகதான?"

"இருக்கலாம் மாமா."

வேலை கிடைத்தது. முதல் நாள் சட்டியை வழித்துத் தின்றபோது, கழிவானவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பது அவளுக்கு நாக்கிலேயே புரிந்தது.

தங்க ஒரு இடம் வேண்டுமே. அடுத்த கடை தங்கபாயின் தையல் கடை. மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. தங்கபாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ரூமு யாருக்கும் சும்மா விடமாட்டேன், பாத்துக்க. பேரு என்ன சொன்ன? மின்னியா? மின்னிபாயா? எங்க அத்தை பேரும் மின்னிபாய்தான்! பொட்டு வேற வைக்கல, காதுல ஒண்ணும் போடல. நம்ம சபைப் பிள்ளையா?"

பொட்டும் கம்மலும் சீர்குடியில் தடை. மின்னிக்கு இப்போது பழகிவிட்டது.

"இருக்கலாம் அக்கா."

"அது என்ன இருக்கலாம்? அப்பா அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்களா? ஐயோ பாவம். போ, மேல போயி குளி மொதல்ல."

ஆக ஒரே தெருவில் மூன்று பேர் அவளுக்குச் சொந்தம். ஒருத்தருக்கு ஒருத்தர் அது தெரியாது. காலையில் தங்கபாயின் இட்லி, மத்தியானம் கொண்டல்சாமி வீட்டுச் சாப்பாடு, சாயங்காலம் டிராக்டரில் வருகிற பெத்தம்மாளின் கம்பங்கூழ். மின்னிக்குச் சதை பிடித்தது. வெள்ளிக்கிழமை வந்தது, இணைப்பு இல்லாமலே போயிற்று. அன்றைக்குத் தனக்குத்தானே இரட்டைப் பங்கு பால்கோவா கொடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டாள். அந்தப் பால்கோவாவுக்குப் பால் எங்கிருந்து வருகிறது?

சீர்குடியிலிருந்துதான். அங்கே மாடுகளும் முதல் சீட்டு. அடுத்த வாரம் ஒரு காலையில், அவள் கடைக்கு வருமுன்னே வந்து போகிற பால் வேன் தாமதமாக வந்தது; டிரைவர் கேனை இறக்கி வைத்து நிமிர்ந்தான். சட்டியில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் காலிக் கேனைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஓடலாமா? எங்கே? அவள் யோசித்து முடிப்பதற்குள் தெருமுனையில் ஜீப் தெரிந்தது. இந்தத் தடவை நாய்கள் இல்லை. டைரக்டர், புதுக் கால்சட்டையில் கதிரோன், தடியான இரண்டு பேர்.

டைரக்டர் கடை வாசலில் இறங்கினார். கோபமே இல்லை அவர் முகத்தில். காணாமல் போன கோப்பையைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

"ஏறு" என்றார் மின்னியிடம். "ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. இன்றைக்கே இணைப்பை முடித்துவிடலாம்."

தடியர்கள் இருவரும் அவள் கைகளைப் பிடித்தார்கள். துடுப்பு கீழே விழுந்தது.

"ஏய்! எவருடா அது?" என்று கல்லாவிலிருந்து எழுந்தார் கொண்டல்சாமி. "யார் கடையில வந்து யார் மேல கை வைக்கிறீக? எங்க வீட்டுப் பிள்ள அது!"

சத்தம் கேட்டுத் தங்கபாய் கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். "ஏலே, விடுலே கைய! கேட்க நாதியில்லாத பிள்ளைன்னு நெனச்சியா? எங்க சபைப் பிள்ளல்லா!"

அன்றைக்குப் பார்த்துப் பருத்தி டிராக்டர் காலையிலேயே வந்திருந்தது. பெத்தம்மாள் தலைமையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். "அடப் பாவிகளா! எங்க அக்காளத்தான் முழுங்குனீக, அவ மகளையுமா? நாயிக்குத் தப்புனவன்தானடா நீயி!" கடைசி வாக்கியம் கதிரோனுக்கு. அவன் கை தானாகப் பின்பக்கம் போயிற்று.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கொண்டல்சாமியின் ஆட்கள் ஒரு பக்கம், தங்கபாயின் சபைக்காரர்கள் ஒரு பக்கம், பருத்திக்காரிகள் ஒரு பக்கம். மூன்று பேரும் 'எங்க பிள்ள' என்று சொன்னதை அந்த இரைச்சலில் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

டைரக்டர் கையை உயர்த்தினார். கூட்டத்துக்குப் பேசி, ஒலிபெருக்கி இல்லாமல்கூடக் கேட்க வைக்கிற குரல் அவருக்கு.

"நீங்கள் எல்லாரும் தவறாக நினைக்கிறீர்கள். இவள் உங்கள் யாருடைய பிள்ளையும் இல்லை. இவளை உருவாக்கியவன் நான். இவளுடைய பாட்டன் உயரம் எனக்குத் தெரியும். முப்பாட்டியின் முழங்கை நீளம் தெரியும். எந்த அப்பனுக்கு எந்த அம்மாவைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுத்தவனே நான்தான்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடிற்று. மின்னி கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. மூன்று வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும்.

டைரக்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் சாதனையை இந்த மக்களுக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நெஞ்சை நிமிர்த்தினார்.

"சுருக்கமாகச் சொல்கிறேன். இவளுக்குச் சாதியே கிடையாது!"

அதைவிட உயர்ந்த பாராட்டு அவருடைய அகராதியில் இல்லை.

கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது.

"என்ன சொன்ன?" என்றார் கொண்டல்சாமி, மெதுவாக.

"சாதியே கிடையாது என்றேன். அப்பனுக்கும் கிடையாது, அம்மாவுக்கும்..."

"ஏலே!" என்று அலறினாள் தங்கபாய். "நட்டநடுத் தெருவுல வச்சி ஒரு பொம்பளப் பிள்ளயப் பாத்து என்ன வார்த்தைலே சொல்லுத? பெத்தவளையுமா சேத்துச் சொல்லுத?"

"எங்க அக்காளச் சொல்லிட்டானே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் பெத்தம்மாள்.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. முதலில் பறந்தது காலிப் பால் கேன். அடுத்தது எருமைச் சாணி. ஜீப்பின் சக்கரங்களில் காற்று போயிற்று. தங்கபாயின் கத்தரிக்கோலில் ரப்பர் ஒட்டியிருந்ததைப் பிற்பாடு பார்த்தார்கள். தடியர்கள் மின்னியின் கையை விட்டுவிட்டுத் தங்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அறிவியல்! இது அறிவியல்!" என்று கத்திக்கொண்டே டைரக்டர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். அவர் பின்னால் பாதித் தெரு ஓடிற்று. அவர் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த வாரமே பத்திரிகைக்காரர்கள் சீர்குடி வாசலுக்குப் போக, உள்ளே இருந்தவர்கள் மதிலை ஏறிக் குதிக்க, மாம்பழக் கூடை வாங்கின அதிகாரிகள் லீவு போட வேண்டியதாயிற்று. அது தனிக் கதை.

கதிரோன் ஓடவில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கடைப் பலகைக்கு அடியில் ஒளிந்திருந்தான். மின்னி குனிந்து பார்த்து, இலைத் துண்டில் கொஞ்சம் பால்கோவாவை நீட்டினாள். சீர்குடியில் பல்லுக்காகச் சர்க்கரை தடை. அவன் வாயில் போட்டான். கண்களை மூடினான். வெகு நேரம் திறக்கவில்லை.

"இதை எப்படிச் செய்வாக?" என்று கேட்டான் கடைசியில்.

மூன்றாவது விஷயம் வந்துவிட்டது.

இரைச்சல் அடங்கியதும்தான் அந்தச் சங்கடம் தலைதூக்கிற்று. கொண்டல்சாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க பிள்ளைக்காக இம்புட்டுப் பேரு வந்தீகளே, நன்றி."

"எங்க பிள்ளையா?" என்றாள் தங்கபாய். "அது எங்க பிள்ளல்லா?"

"நல்லாருக்கே கத! மூக்கப் பாருங்கய்யா!" என்றாள் பெத்தம்மாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் மின்னியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதில்லை. வரிசையில் நிற்க வைத்துப் பார்க்கிற பார்வைதான். அதோடு நிற்கவுமில்லை. கொண்டல்சாமிக்கு அக்கா மகன் ஒருத்தன் இருந்தான். மனசுக்குள் ஏற்கெனவே பொருத்தம் பார்த்து வைத்திருந்தார். தங்கபாயின் கொழுந்தனாருக்கு ஒரு மகன், வாத்தியார் வேலை. பெத்தம்மாளுக்குத் தம்பியே இருந்தான், முறைமாமன், கேட்கவே வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் என்று யாரோ சொன்னார்கள்.

மறுபடியும் வெள்ளிக்கிழமையா!

"நீயே சொல்லு பிள்ள" என்றார் கொண்டல்சாமி. "நீ யாரு வீட்டுப் பிள்ள?"

ஒருத்தரைக் காட்டினால் அந்த வீட்டு மாப்பிள்ளை. தெரியாது என்றால் மூன்று வீட்டுச் சோறும் போச்சு, மாடி அறையும் போச்சு. தெரு முழுக்க அவள் வாயைப் பார்த்து நின்றது. மின்னி தலையைக் குனிந்து, பெருவிரலால் தரையில் கோடு போட்டாள். வெட்கப்படுகிற பெண்கள் அப்படிச் செய்வார்கள் என்று இந்த ஒரு வாரத்தில் கற்றிருந்தாள்.

"பொறந்தப்ப நான் சின்னப் பிள்ளதானே மாமா, எனக்கு என்ன தெரியும்? நீங்க மூணு பேரும் பெரியவுக. பேசி ஒரு முடிவுக்கு வாங்க. மூணு பேரும் ஒத்துச் சொல்ற வீட்டுல, சொல்ற ஆளக் கட்டிக்கிடுதேன்."

"அடக்கமான பிள்ள! எங்க பிள்ளன்னு இதுலயே தெரியல?" என்றாள் தங்கபாய்.

"அடக்கமெல்லாம் எங்க குடும்பத்துல!" என்றார் கொண்டல்சாமி.

மூன்று பேரும் கடைப் பலகையில் உட்கார்ந்தார்கள். பேச்சு அன்று முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் முடியவில்லை. "நான் சோறு போட்டேன்" என்பது மூன்று பேருக்கும் பெரிய சாட்சி. ஆகவே யார் முதலில் சோற்றை நிறுத்துகிறாரோ அவர் தோற்றவர். இட்லியும் சாப்பாடும் கூழும் தவறாமல் வந்தன. தீபாவளிக்குக் கொண்டல்சாமி பாவாடை தாவணி எடுத்தார். கிறிஸ்துமஸுக்குத் தங்கபாய் தைத்துப் போட்டாள். பொங்கலுக்குப் பெத்தம்மாள் சேலையோடு வந்தாள். மின்னி டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். பீஸ் யார் கட்டுவது என்று அதற்கொரு தனிச் சண்டை நடந்தது. கதிரோன் சட்டிக்கு முன்னால் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டான். இரண்டு பல் சொத்தை. அவனுக்கு அதைப் பற்றிப் பேச ஆசை, கேட்கத்தான் ஆளில்லை.

மாசி பிறந்தபோது ஓர் ஆபத்து வந்தது. தங்கபாயும் கொண்டல்சாமியும் சண்டை போட்டே அலுத்துப்போனார்கள். பெத்தம்மாள் சொல்வதுதான் நியாயம் போலிருக்கிறது, விட்டுக்கொடுத்துவிடலாம் என்று காப்பி குடித்துக்கொண்டே பேசியது மின்னியின் காதில் விழுந்தது. முறைமாமன் அன்று சாயங்காலமே முடி வெட்டிக்கொண்டான்.

மின்னி டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது தங்கபாயின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு ஞாபகம் வருது. ரொம்பச் சின்னதுல, யாரோ என்னையத் தூக்கி வச்சிக்கிட்டு ஒரு பாட்டுப் பாடுவாக. அல்லேலூயான்னு முடியும்."

மெஷின் நின்றது. தங்கபாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்படியா பாடுனாவ? இதை ஏம்ட்டி இத்தனை நாளாச் சொல்லல? ஏய், கொண்டல்சாமி! இங்க வாரும்!"

மின்னி கொண்டல்சாமியின் கல்லாவைத் தாண்டும்போதும் செத்த நேரம் நின்றாள். அவரிடம் சொல்ல வேறொன்று வைத்திருந்தாள்.